திருகு முடுக்கமாக இருக்கிறது, கட்டை தளர்ந்திருக்கிறது

சென்ற பங்குனியில் ஓர் இளைஞர் காரின் பின்பெட்டியிலிருந்து போர்வையில் சுற்றிய ரைஃபிளை எடுத்துவந்து, துப்பாக்கி பழுதுபார்க்கும் என் மேசைமேல் வைத்தார். காங்கேயம் பக்கத்துத் தோட்டக்காரர். அப்பாவின் துப்பாக்கி குறி தவறுகிறது என்றார். குழல் தேய்ந்துவிட்டது, நான்கு அங்குலம் அறுத்து வாயைப் புதிதாகக் கடைந்தால் சரியாகிவிடும் என்று ஒரு லேத் பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். மனம் ஒப்பாமல் என்னிடம் வந்திருக்கிறார்.

உரிமம் அப்பா பெயரில். "அப்பா எழுதிக்கொடுத்த கடிதம் இருக்கிறதா தம்பி?" என்றேன். இல்லை.

வேலையைத் தொடவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது. உரிமதாரர் உடன் வந்தாலோ, எழுத்துமூலம் அனுமதி தந்தாலோ, பழுதுபார்க்கவும் உரிமத்தைப் புதுப்பிக்கவும் வேறொருவர் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம். ஒரு தாள், ஒரு கையெழுத்து. அது இல்லாமல் வழியில் சோதனையில் மாட்டினால், பெற்ற மகனேயானாலும் உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தவர்தான். தொலைபேசியில் கூப்பிட்டேன். பெரியவர் பஸ் பிடித்து மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். அதுவரை மகனை என் கடையிலேயே உட்காரவைத்தேன்.

துப்பாக்கி நல்ல பொருள். பிரிட்டிஷ் இராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டின் உடலில் .315 குழல் (எண், அங்குலத்தில் குழலின் உள்வாய் அளவு) பொருத்தி, குழலைத் தாங்கும் நீண்ட மர முன்கட்டையைப் பாதியில் அறுத்து, வேட்டைக்கென்று இலகுவாக்கியது. ஆங்கிலேயர் காலத்தில் .303 படையின் தோட்டா; அதைப் பொதுமக்கள் கைக்கு விட அரசுக்கு மனமில்லை. அதனால் அதே போல்ட் அமைப்பில் (போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) 8 மில்லிமீட்டர், அதாவது .315 தோட்டாவுக்கான துப்பாக்கிகள் விற்பனைக்கு வந்தன. விடுதலைக்குப் பின் வங்காளத்து இஷாப்பூரில் உள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையும் .315 ரைஃபிளை அந்த வழியிலேயே செய்தது. இன்றும் .303, 7.62 மில்லிமீட்டர் இரண்டும் தடைசெய்யப்பட்ட வகை. தாத்தா பரணில் ஒரு .303 கிடக்கிறது என்று யாராவது சொன்னால், அதை என்னிடம் கொண்டுவர வேண்டாம்; காவல் நிலையத்தில் ஒப்படைப்பதற்கான வழியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பெரியவர் இதை 1994-இல் வால்பாறையில் ஓய்வுபெற்ற ஓர் எஸ்டேட் மேலாளரிடம் முறைப்படி வாங்கியிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி விளங்கியது. மழையும் பனிமூட்டமும் குடித்து வளர்ந்த கட்டை, காங்கேயத்து வெயிலுக்கு வந்திருக்கிறது. மரம் சுருங்கும்.

ஒரு தாளைக் கீற்றாகக் கிழித்து, குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே செருகி இழுத்தேன். இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது. வலப்பக்கம் இரண்டு விரற்கடையில் சிக்கிக் கிழிந்தது. சூடேறும்போது குழல் அந்த ஒரு பக்கத்து மரத்தில் முட்டுகிறது. முன்திருகை முடுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. கட்டையைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறது. பலரையும் ஏமாற்றும் இடம் இதுதான். அந்தத் திருகு ஒரு சிறு இரும்பு வளையத்துக்குள் போகிறது. மரம் சுருங்கிவிட்டால் திருகு மரத்தை இறுக்காமல் வளையத்தில் போய் நின்றுகொள்ளும். கைக்கு முடுக்கமாகத் தெரியும், கட்டை தளர்ந்தே கிடக்கும். உள்ளே, சுடும்போது வரும் உதையைத் தாங்கும் மரமுகம் இரண்டும் நசுங்கியிருந்தன. அங்கே முற்றிய வால்நட் துண்டு பதித்து, குழல் உட்காரும் இடத்தைச் சீவிச் சீவிப் பொருத்த நான்கு நாள் ஆயிற்று. குழலில் கைவைக்கவே இல்லை.

கோயம்புத்தூர் லேத்காரர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. நானும் கணபதியில் ஒரு பட்டறையில் எண்ணெய்க் கையோடு தொழில் பழகியவன். ஆனாலும் உரிமமின்றித் துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்குவது ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் குற்றம். பழுதுபார்க்கவே தனி உரிமம் வேண்டும். அறுத்துக் கொடுத்தவரும் சிக்குவார், கொடுக்கச் சொன்னவரும் சிக்குவார்.

போல்ட்டைப் பார்க்காமல் எந்தப் பழைய துப்பாக்கியையும் நான் திருப்பித் தருவதில்லை. போல்ட்டிலும் உடலிலும் உள்ள எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பேன். எங்கிருந்தோ கிடைத்த போல்ட்டை மாட்டினால், குழலின் பின்முனைக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே, தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி மாறிவிடும். .303 கணக்கில் அதன் எல்லையே 0.064 முதல் 0.074 அங்குலம்வரைதான். அது கூடினால் பித்தளைக் கூடு அடிப்பக்கத்தில் இழுபட்டு மெலியும். ஒருநாள் உள்ளேயே இரண்டாக அறும். பெரியவர் சுட்ட காலிக் கூடுகளைச் சேர்த்துவைத்திருந்தது நல்லதாயிற்று. அடியை ஒட்டிப் பளபளப்பாக ஒரு வளையம் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினேன். பள்ளம் தட்டவில்லை.

குழலுக்குள் சொரசொரப்பு இருந்தது, பழைய தோட்டாக்களின் வேலை. அவற்றின் தீமூட்டும் மருந்து வெடித்தபின் ஓர் உப்பை விட்டுப்போகும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. கொதிக்கும் நீரைப் புனலால் ஊற்றிக் கழுவி, துடைத்து, அதன்பிறகுதான் எண்ணெய். படைவீரர்கள் செய்துவந்ததும் இதையேதான்.

வேலை முடிந்து சுடுதளத்தில் 50 மீட்டரில் ஐந்து தோட்டா. உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியவை ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின. பெரியவர் அந்த அட்டையை மடித்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார்.

மகன் மெல்லக் கேட்டார், மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி விழுகிறதே, சுடலாமா என்று. அவர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஓர் இரவில் அரை ஏக்கர் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் 1972-இன் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. வனத்துறையிடம் மனுக் கொடுத்து இழப்பீடு கேளுங்கள், துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள் என்று சொன்னேன்.

பெரியவருக்கு 71 வயது. 2016-இன் ஆயுத விதிகளில், உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, 25 ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசு பெயரில் உரிமம் கேட்க வழி உண்டு. இரண்டும் அவருக்கு நிறைந்திருந்தன. இறந்தபின் என்று தள்ளிப்போட்ட வீடுகளில், காரியம் முடிவதற்குள் துப்பாக்கி யார் கையில் என்ற கேள்வி வந்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அன்றே என் மேசையில் உட்கார்ந்து ஆட்சியர் அலுவலகத்துக்கான விண்ணப்பத்தை எழுதினார்கள்.

ஆடியில் மகன் மட்டும் வந்தார், கட்டை மழைக்காற்றில் உப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி. உரிமம் இன்னும் மாறவில்லை. போர்வையைப் பிரிப்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து அப்பாவின் கடிதத்தை எடுத்து நீட்டினார்.