துபாயில் கட்டும் திர்ஹம் ஊரில் ரூபாயாவது எப்படி?

மாதத்தின் முதல் வாரத்தில் துபாய் தேரா பகுதியில் எக்ஸ்சேஞ்ச் வாசல்களில் வரிசை நிற்கும். சம்பளம் வாங்கிய கையோடு ஊருக்குப் பணம் போட வந்தவர்கள். அடையாள அட்டையைக் காட்டி ஆயிரம் திர்ஹம் கட்டினால், பல நேரம் சில நிமிடங்களிலேயே கடையநல்லூரில் இருக்கும் மனைவியின் கணக்கில் ரூபாய் ஏறிவிடுகிறது.

அப்போது அந்த ஆயிரம் திர்ஹம் எங்கே இருக்கிறது? துபாயிலேயேதான். இந்தியாவுக்கு வந்தது ஒரு செய்தி மட்டுமே: இன்னார் கணக்கில் இத்தனை ரூபாய் வரவு வையுங்கள். 1871இல் வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பி வழியே பணம் அனுப்பத் தொடங்கியபோதும் அடிப்படை இதுதான். இந்த முனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அந்த முனையில் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்த இருப்புக்காக எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் இந்திய வங்கி ஒன்றில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கிறது. வங்கிக்காரர்கள் இதை வோஸ்ட்ரோ கணக்கு என்பார்கள். ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ரூபாய் டிராயிங் அரேஞ்ச்மென்ட் என்று பெயர். வளைகுடாவிலிருந்து வரும் பணத்தில் பெரும்பங்கு இந்த வழியில்தான் வருகிறது.

கணக்கு காலியாகாமல் பார்த்துக்கொள்வதுதான் தொழிலின் மையம். கவுண்டர்களில் சேரும் திர்ஹத்தை மொத்தமாக டாலராக்கி, அந்த டாலரை விற்று ரூபாய் வாங்குகிறார்கள். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று விலை கட்டப்பட்டிருப்பதால் முதல் மாற்றத்தில் பெரிய ஆபத்து இல்லை. டாலருக்கும் ரூபாய்க்கும் இடையில்தான் விலை ஏறி இறங்குகிறது. கோயம்பேட்டில் மூட்டையாக எடுத்துத் தெருவில் கிலோவாக விற்பவரைப் போல, மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள இடைவெளியில் இவர்கள் வருமானம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் ஒரு திர்ஹம் 23 ரூபாய், கவுண்டரில் தரும் ரேட் 22.80, கட்டணம் 20 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் திர்ஹத்துக்குக் கட்டணமாக 460 ரூபாய் போகிறது, ரேட் இடைவெளியில் 200 ரூபாய் போகிறது. ஐயாயிரம் திர்ஹம் அனுப்பினால் கட்டணம் அதே 460தான். ஆனால் ரேட்டில் போவது 1,000 ரூபாய்! இந்த எடுத்துக்காட்டில் 2,300 திர்ஹத்தைத் தாண்டியதுமே ரேட் இடைவெளி கட்டணத்தை முந்திவிடுகிறது. கட்டணம் ரசீதில் தனி வரியாக இருக்கும், இடைவெளி பெரும்பாலும் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. 'கட்டணமே இல்லை' என்று விளம்பரம் பார்த்தால் முதலில் ரேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த இடைவெளி முழுக்க லாபமும் அல்ல. முகவர்களுக்குக் கமிஷன், அனுப்புபவர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று சரிபார்க்கும் செலவு, கூட்டாளி வங்கிக்குத் தர வேண்டியது எல்லாம் இதிலிருந்துதான். வார இறுதி தனிச் சிக்கல். நாணயச் சந்தை வெள்ளி மாலை மூடினால் திங்கள்தான் திறக்கும், சனி ஞாயிறில் கவுண்டரில் கூட்டம் நிற்கும். அதற்கான ரூபாயை முன்பே வாங்கிப் போட வேண்டும், அல்லது திங்களன்று என்ன விலை வருமோ என்ற ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதனால் அந்த நாட்களில் சிலர் இடைவெளியைக் கூட்டுகிறார்கள்.

2011இல் லண்டனில் இரண்டு எஸ்தோனியர்கள் தொடங்கிய வைஸ் என்ற பணம் அனுப்பும் நிறுவனம் வேறு வழியில் யோசித்தது. பவுண்டை யூரோவாக்க விரும்புபவரையும் யூரோவைப் பவுண்டாக்க விரும்புபவரையும் இணைத்துவிட்டால், இரண்டு பணமும் அவரவர் நாட்டுக்குள்ளேயே கைமாறிவிடும். அழகான யோசனைதான். ஆனால் துபாய்-இந்தியா பாதையில் இது மட்டும் போதாது. பணம் பெருமளவு ஒரே திசையில் வருவதால் எதிர்ப்பக்கம் ஈடுகட்ட ஆள் இருக்காது, சந்தையில் ரூபாய் வாங்கியே ஆக வேண்டும். சந்தை ரேட்டைத் தனியாகவும் கட்டணத்தைத் தனியாகவும் காட்டும் வைஸின் பழக்கத்தைத்தான் நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். மற்றவர்களும் அப்படிக் காட்ட வேண்டும்.

ஏனென்றால் தொகை சின்னதல்ல. 2022 முதல் எல்லா வெளிநாடுகளிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 100 பில்லியன் டாலருக்கு மேல் இந்தியாவுக்கு வருகிறது. அனுப்பும் செலவு அதில் ஒரு சதவீத அளவு குறைந்தாலே 100 கோடி டாலர் உழைத்தவர்கள் வீட்டுக்குப் போகும். 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கு மேல் என்கிறது உலக வங்கி. 2030க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு.

சரி, அனுப்புபவர் என்ன செய்யலாம்? கட்டணம் எவ்வளவு, ரேட் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்பதைவிட, 'கட்டணம் உட்பட மொத்தம் ஆயிரம் திர்ஹம் தருகிறேன், ஊரில் எத்தனை ரூபாய் விழும்?' என்று இரண்டு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் கேளுங்கள். வங்கியிலிருந்து ஸ்விஃப்ட் (நாடுகளுக்கு இடையே வங்கிகள் செய்தி அனுப்பிக்கொள்ளும் வலையமைப்பு) வழியாக டாலராகவே அனுப்புவதாக இருந்தால், இந்தியப் பக்கத்திலும் விசாரிக்க வேண்டும். நடுவில் இருக்கும் வங்கி ஒரு தொகையைப் பிடிக்கலாம். அப்புறம் ஊரில் உள்ள வங்கி தன் ரேட்டில்தான் டாலரை ரூபாயாக்கும், அந்த மாற்றத்துக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு.