பிரெய்ரி: ஒரு சொல்லும் அது குறிக்கும் நிலமும்

வட அமெரிக்காவில் பிரெய்ரி, ஆசியாவில் ஸ்டெப்பி, தென் அமெரிக்காவில் பம்பாஸ், தென்னாப்பிரிக்காவில் வெல்ட். புவியியல் தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்யாதவர் குறைவு. நான்கும் புல்வெளி என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் ஒரு கட்டுரையையோ கதையையோ தமிழாக்கும்போது 'பிரெய்ரி' குறுக்கே வந்தால் என்ன எழுதுவது? 'சமவெளி' என்று எழுதுகிறார்கள், 'தரிசு' என்கிறார்கள், சிலர் 'பொட்டல்' என்றும் எழுதிவிடுகிறார்கள். மூன்றும் தவறு. ஏன் தவறு என்பது சொல்லின் பிறப்பைப் பார்த்தால் பாதியும், அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களைப் பார்த்தால் மீதியும் விளங்கும்.

இது பிரெஞ்சுச் சொல். இலத்தீனில் 'பிராதும்' என்றால் மேய்ச்சலுக்கும் வைக்கோலுக்கும் விட்ட புல்தரை. அதிலிருந்து வந்தது பிரெஞ்சு 'பிரெய்ரி'. ஸ்பானிய 'பிராதோ'வும் அதே வேர்தான். மாட்ரிட்டின் புகழ்பெற்ற பிராதோ ஓவியக்கூடத்தின் பெயரில் இருப்பதும் ஒரு புல்தரையே. ஆக, பிரான்சில் இது சின்னஞ்சிறு பொருளுக்கான சொல்: ஊர் ஓரத்தில், வேலிக்குள், நாலு பசு மேயும் இடம்.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தோல் வணிகர்களும் பாதிரிமார்களும் பேரேரிகள் வழியாக மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்கு வந்தபோது, நாள் கணக்கில் நடந்தாலும் முடியாத புல்லைக் கண்டார்கள். கையில் இருந்த சொல் இதுதான். இதையே அதற்குச் சூட்டினார்கள். ஆங்கிலேயர் கிழக்குக் கரையின் காடுகளிலிருந்து பின்னால் வந்தவர்கள். புல்தரைக்கு அவர்கள் மொழியிலும் சொல் இருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய வெளிக்கு அது பொருந்தவில்லை என்று பிரெஞ்சுச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். கடன் வாங்கியதால்தான் அது ஒரே ஒரு நிலத்தின் பெயராக நிலைத்தது.

அந்த நிலம் கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிட்டோபா மாகாணங்களில் தொடங்கி டெக்சாஸ் வரை இறங்குகிறது. மேற்கே ராக்கி மலை மழையை மறைப்பதால் அங்கே குட்டைப்புல். கிழக்கே போகப் போக மழையோடு புல்லும் உயர்ந்து, இல்லினாய், அயோவா பக்கம் ஆளை மறைக்கும். மரம் இல்லாததற்குக் காரணம் மழைக்குறைவு மட்டும் அல்ல. இடி மின்னலில் பிடிக்கும் தீ, பூர்வகுடிகள் வேண்டுமென்றே வைத்த தீ, காட்டெருமைக் கூட்டங்களின் மேய்ச்சல் எல்லாம் சேர்ந்து மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடவில்லை. புல்லின் உயிர் மண்ணுக்குள் இருந்ததால் அது மட்டும் எரிந்து எரிந்து துளிர்த்தது.

மரம் வளராத மண்ணில் பயிர் மட்டும் எப்படி வளரும் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். 1820இல் மேற்குச் சமவெளிகளைச் சுற்றிவந்த ஸ்டீபன் லாங் என்ற ராணுவ அதிகாரியின் பயணத்துக்குப் பிறகு வெளிவந்த வரைபடம், அந்தப் பகுதிக்குப் 'பெரும் அமெரிக்கப் பாலைவனம்' என்றே பெயரிட்டது. உண்மையில் உலகின் மிக வளமான கரிய மண்களில் ஒன்று அங்கே புல்வேருக்கு அடியில் கிடந்தது. அந்த வேர்ப்பின்னலில் வார்ப்பிரும்புக் கலப்பைகள் சிக்கின. ஈர மண் கொழுவில் அப்பிக்கொண்டது. 1837இல் இல்லினாயில் ஜான் டீர் என்ற கொல்லர் மெருகேற்றிய எஃகுக் கலப்பையைச் செய்த பிறகுதான் உழவு நகர்ந்தது. 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டால் 160 ஏக்கர் உனக்கே என்றது. ஓசேஜ், பானி, கான்சா மக்கள் ஏற்கெனவே வாழ்ந்த நிலம் அது. அவர்களிடம் கேட்டு யாரும் இந்தச் சட்டத்தைப் போடவில்லை. கான்சா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் பெயர் மட்டும் கன்சாஸ் என்று மாநிலத்தில் தங்கியது.

அந்தக் கன்சாஸின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டியில் இருக்கிறது நிக்கோடிமஸ். பிரெய்ரிச் சிற்றூர் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் காட்டுவது இதைத்தான். பெயரைப் பார்த்ததும் பைபிளின் நிக்கொதேமு நினைவுக்கு வரும். ஆனால் அடிமையாக வாழ்ந்த ஒருவரைப் பற்றிய பழங்கதையிலிருந்து வந்த பெயர் என்பதே பரவலான வழக்கு. உள்நாட்டுப் போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளில், 1877இல், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையின நில வணிகரும் முன்னின்று இந்த ஊரைத் தொடங்கினார்கள். கென்டக்கியில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களிடம், சொந்த நிலம், சொந்த ஊர் என்று துண்டறிக்கைகள் பேசின. அந்தச் செப்டம்பரில் லெக்சிங்டன் பக்கத்திலிருந்து முந்நூறு பேருக்கு மேல் ரயிலேறினார்கள்.

1878 வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் பிற்காலத்தில் தம் நினைவைச் சொல்லியிருக்கிறார். எல்லிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, திசைகாட்டியை நம்பி, மான்களும் காட்டெருமைகளும் போட்ட தடத்தில் வண்டி கட்டிப் போனார்கள். கூட வந்தவர்கள் நிக்கோடிமஸ் வந்துவிட்டது என்று ஆரவாரம் செய்கிறார்கள். இவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊர் எங்கே என்று கேட்க, கணவர் தரையிலிருந்து ஆங்காங்கே எழும் புகையைக் காட்டி அதுதான் என்கிறார். அங்கேயே அழுதுவிட்டாராம்.

புகை வந்தது குழிவீடுகளிலிருந்து. மரம் இல்லாத நாட்டில் வீட்டுக்கு உத்திரம் ஏது? மேட்டின் சரிவைக் குடைந்து, முன்பக்கத்தை அடைத்து, மேலே குச்சியும் புல்மண்ணும் போட்டு மூடிக் குடியிருந்தார்கள். பிறகு வேரோடு பெயர்த்த புல்மண் பாளங்களைச் செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். விறகுக்குச் சூரியகாந்தித் தண்டும், காட்டெருமைச் சாணம் காய்ந்த வறட்டியும். வறட்டி நமக்குப் புதிதல்ல; அவர்களுக்குத் தட்டும் வேலை கூட இல்லை. முதல் குளிர்காலத்தில் உணவு தீர்ந்தபோது வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் மக்கள் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பது ஊரார் தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. அறுபது குடும்பங்கள் பார்த்த மாத்திரத்தில் திரும்பிப் போயின. மற்றவர்கள் மண்வெட்டியால் கொத்தி விதைத்தார்கள்.

பத்தே ஆண்டில் கடைகள், தேவாலயங்கள், பள்ளி, ஹோட்டல், இரண்டு செய்தித்தாள் என்று ஊர் எழுந்தது. இங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கையாளர் பதவிக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். ரயில் வந்தால் ஊர் நிமிரும் என்று 1887இல் 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். அந்த ரயில் வரவேயில்லை. 1888இல் வேறொரு கம்பெனியின் பாதை சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போயிற்று. கடைக்காரர்கள் அதை ஒட்டி முளைத்த போக் என்ற ஊருக்குப் பெயர்ந்தார்கள். பிரெய்ரியில் செத்த ஊர்களில் பலவற்றைக் கொன்றது வறட்சியல்ல, தண்டவாளத்தின் வளைவு. நிக்கோடிமஸ் சாகவில்லை என்றாலும் இளைத்துப்போனது. 1953இல் அஞ்சலகம் மூடப்பட்டது. இன்று அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் சிலரே. 1996 முதல் அது தேசிய வரலாற்றுத் தலம். ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் வம்சாவளியினர் ஊர் கூடுகிறார்கள். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளை விடுவித்த சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1834 ஆகஸ்ட் 1. அதைக் கொண்டாடியதில் தொடங்கிய கூடல் அது.

இனித் தமிழ்ச் சொல். 'சமவெளி' நிலத்தின் மட்டத்தைச் சொல்லும், புல்லைச் சொல்லாது. தஞ்சாவூர் வயலும் சமவெளிதான். 'தரிசு', 'பொட்டல்' இரண்டும் லாங் பயணத்து வரைபடத்தின் பிழையைத் தமிழில் திரும்பச் செய்பவை. 'முல்லை' என்றால் மேய்ச்சல் உண்டு, ஆனால் அது காடும் காடு சார்ந்த இடமும். காங்கேயம் பக்கத்துக் 'கொறங்காடு' அருமையான சொல். எனினும் அது கிளுவை வேலிக்குள் அடங்கிய தனியார் மேய்ச்சல் நிலம், பிரெஞ்சு மூலப்பொருளுக்கு வேண்டுமானால் பொருந்தும். ஈழத்தில் மாடு மேயும் திறந்த வெளியைக் குறிக்கும் 'தரவை' இன்னும் நெருங்கி வருகிறது. ஆனால் தமிழகத்து வாசகர் பலருக்கு அது பழக்கமில்லை.

என் கருத்தில் நிலவகையைச் சொல்லும் இடத்தில் 'பெரும்புல்வெளி' போதும். 'புல்வெளி' மட்டும் என்றால் பூங்காவில் 'நடக்காதீர்' பலகை வைத்த இடம் மனத்தில் வந்துவிடுகிறது. 'பெரும்' அதைச் சரிசெய்யும். குறிப்பிட்ட வட அமெரிக்க நிலப்பரப்பைச் சொல்லும்போது 'பிரெய்ரி' என்றே எழுதலாம்: பிரெய்ரி மாகாணங்கள், பிரெய்ரிச் சிற்றூர். 'பிரெய்ரிப் புல்வெளி' என்பது 'கேட்டு வாசல்' ரகம். முதல் முறை விளக்கத்துக்காக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பக்கத்துக்குப் பக்கம் வேண்டாம். 'பிரெய்ரி டாக்' என்ற விலங்கை மட்டும் தயவுசெய்து 'புல்வெளி நாய்' ஆக்காதீர்கள். அது அணில் குடும்பம். வளை தோண்டி வாழ்கிறது, ஆபத்தென்றால் குரைப்பதுபோல் ஒலி எழுப்புகிறது, அவ்வளவுதான். 'புல்வெளி வளையணில்' என்றால் படிப்பவருக்கு உருவமாவது சரியாகத் தெரியும்.