நலவாழ்வு உரிமைக்குள் குடிநீர்க் குழாயும் வரும்

வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் சில நாளில் தேறிவிடும். தேறியபின் வீட்டுக்குப் போய் அதே குழாயில்தான் தண்ணீர் பிடித்துக் குடிக்கும். அடுத்த மாதம் மறுபடியும் வரும். வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தக் குழந்தைக்குச் சேர வேண்டியது இன்னும் வந்து சேரவில்லை.

இது இரக்கப்பட்டுச் சொல்வதல்ல, சட்டமே சொல்வது. ஐ.நா. பொதுச்சபை 1966-இல் ஏற்று, 1976-இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல்நலமும் மனநலமும் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அதைக் கண்காணிக்கும் குழு 2000-இல் வெளியிட்ட 14-ஆவது பொதுக் கருத்துரை, அதாவது அந்தப் பிரிவுக்கான விளக்கம், பாதுகாப்பான குடிநீர், கழிப்பிடம், போதிய உணவு, குடியிருப்பு, கேடில்லாத வேலையிடம் எல்லாவற்றையும் இந்த உரிமைக்குள் கொண்டுவந்தது. நோயே வராது என்று எந்த அரசும் வாக்குக் கொடுக்க முடியாது; அதை இந்த உரிமை கேட்கவும் இல்லை.

மருத்துவமனை மட்டும் ஏன் போதாது? 1967-இல் லண்டனில் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. எல்லோருக்கும் நிலையான வேலை, இலவச மருத்துவம். அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் மேல்நிலை அதிகாரிகளுடையதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. என்னை அதிகம் உலுக்குவது நடுவில் இருந்தவர்கள் நிலைமைதான். பதவி ஒரு படி இறங்க இறங்க ஆயுளும் இறங்கியது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. நலவாழ்வைத் தீர்மானிக்கும் சமூகக் காரணங்களை ஆராய, மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2008-இல் தந்த அறிக்கையின்படி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத்தில் 13 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு பகுதிகளுக்குள் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 28 ஆண்டு வேறுபட்டது.

குடிநீர் முதல் வேலையிடம் வரை உடன்படிக்கை கேட்பதையெல்லாம் அரசு ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டியதில்லை. இருக்கும் வளத்துக்கேற்பப் படிப்படியாகச் செய்யலாம். ஆனால் பாகுபாடு காட்டாமல் இருப்பதற்குத் தவணை கிடையாது, அது முதல் நாளிலிருந்தே கடமை. உடன்படிக்கையில் கையெழுத்திட்டதோடு நிற்காமல், அதற்குக் கட்டுப்படுவதாக உறுதியும் செய்த நாடுகள் கண்காணிப்புக் குழுவுக்கு அவ்வப்போது அறிக்கை தர வேண்டும். அப்போது மக்கள் அமைப்புகளும் தங்கள் அறிக்கையைத் தனியே அனுப்பலாம். உடன்படிக்கையோடு இணைந்த, நாடுகள் விரும்பினால் சேரக்கூடிய விருப்ப நெறிமுறை 2013-இல் நடைமுறைக்கு வந்தது; அதில் சேர்ந்த நாடுகளில், உள்நாட்டு வழிகள் எல்லாம் முடிந்தபின் தனிநபரே குழுவிடம் முறையிடலாம்.

இந்த உரிமையைக் கேட்டு அரசுக்கு மனு எழுதும்போது ஒன்றை விடாமல் கேளுங்கள்: பகுதிவாரியான, வருமானவாரியான, பால்வாரியான புள்ளிவிவரம். மொத்தச் சராசரி நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தால், அந்தச் சராசரியில் உங்கள் தெரு எங்கே நிற்கிறது என்று அடுத்த மனுவில் கேளுங்கள்.