ஓட்டை விழும் முன் பல்லில் நடப்பது

சாப்பாடு முடிந்த கையோடு இரண்டு ஆற்காடு மக்கன் பேடாவைச் சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்கிறார் ஒருவர். இன்னொருவர் அதே இரண்டைப் பிய்த்துப் பிய்த்துச் சாயங்காலம் முழுக்க வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார். பல் சீக்கிரம் சொத்தையாவது இரண்டாமவருக்குத்தான். சர்க்கரை ஒரே அளவுதான். அது எத்தனை முறை பல்லில் பட்டது என்பதுதான் கணக்கு.

பல்லின் மேல் பிசுபிசுப்பாகப் படியும் படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களில் அவை அதை அமிலமாக்கிவிடும். படலத்தின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தை முறிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகே தாதுக்கள் திரும்பப் படியும். அதற்குள் அடுத்த டீ வந்துவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்துதான். ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஷிப்டுக்கு நாலு டீ குடிப்பவர்கள் உண்டு. டீயை விட வேண்டாம். அதில் இரண்டையாவது சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம். வேலூர் வெயிலில் நாக்கு வறண்டு கிடக்கும்போது உமிழ்நீரும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் குளிர்பானம் பல்லுக்கு இரட்டை அடி: அதில் சர்க்கரையும் உண்டு, அமிலமும் உண்டு.

முதலில் தெரிவது ஓட்டை அல்ல. மேலுதட்டைத் தூக்கி, முன்பல்லின் ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றினாற்போல மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால், அங்கே தாது வெளியேறியிருக்கிறது. மேற்பரப்பு இன்னும் உடையவில்லை. படலத்தை அன்றாடம் அகற்றி, தாது திரும்பப் படிய உதவும் புளோரைடும் கிடைக்கச் செய்தால் சொத்தையை அங்கேயே நிறுத்திவிடலாம். ஓட்டை விழுந்தபின் எந்தப் பேஸ்ட்டாலும் அடைக்க முடியாது.

தூக்கத்தில் உமிழ்நீர் மிகமிகக் குறைந்துவிடும். அதனால் காலையில் தேய்ப்பதைவிடப் படுக்கும் முன் தேய்ப்பது முக்கியம். நம் வீடுகளில் தவறிப்போவதும் அதுதான். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம் தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கும், பல்லின் கழுத்து தேயும், பல் கூசும். கரித்தூளும் செங்கல் பொடியும் செய்வது இதையேதான். பேஸ்ட்டில் புளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் இருக்கிறதா என்று உறையில் பாருங்கள். புளோரைடே இல்லாத பேஸ்ட்டுகளும் விற்கின்றன. 3 வயதுக்குள் அரிசியளவு, 3 முதல் 6 வரை பட்டாணியளவு போதும். தேய்த்ததும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். கொப்பளித்தால் புளோரைடும் சேர்ந்து போய்விடும்.

வேலூர்ப் பக்கம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாறையில் ஆழமாக இறக்கிய போர்வெல் தண்ணீரில் புளோரைடு கூடுதலாக இருக்கலாம். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறுவயதில் குடித்து வளர்ந்தால் நிலைப்பற்கள் திட்டுத்திட்டாக, பழுப்பேறி முளைக்கும். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பதே வழி.

ஈறில் ரத்தம் வந்தால் பலர் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்கிறார்கள். படலம் தங்குவதால்தான் ரத்தமே வருகிறது; மென்மையாக விடாமல் தேய்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் நிற்கும். படலம் காரையாக இறுகிவிட்டால் பிரஷ் எடுக்காது, பல் மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்தான் வேண்டும். அதன்பின் பல் ஆடுவதுபோலத் தோன்றுவது, இடுக்கை அடைத்திருந்த காரை போனதால். சர்க்கரை நோயாளிகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

குழந்தைக்கு 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் கடைவாய்ப்பல் நிலைப்பல். விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடாதீர்கள். அதன் மேல்பள்ளங்களுக்குள் பிரஷ் முள் நுழையாது. பல் முழுதாக மேலே வந்ததும் பல் மருத்துவரிடம் காட்டி, பள்ளங்களை சீலன்ட் பூசி மூடச் சொல்லுங்கள். துளைபோடுவதில்லை, வலியும் இல்லை.