நாலு கட்டை டியூபா: முதல் வாத்தியம் வாங்கும் முன் ஒரு கணக்கு

அக்கா மகன் பள்ளி பேண்டில் சேர்ந்த நாளிலிருந்து பெரிய டியூபாதான் ஊதுகிறான். சுருட்டி வளைத்த பித்தளைக் குழாயில் கீழ் ஸ்வரங்களை ஊதும் வாத்தியம் அது. காரைக்குடிக் கல்யாண ஊர்வலங்களிலும் அவன் ஊதியதுண்டு. இப்போது மேற்கத்திய இசை படிக்கிறான். போன விடுமுறையில் வந்தவன், "மாமா, எஃப் டியூபா ஒண்ணு வாங்கணும். கையில காசு கொஞ்சம்தான் இருக்கு, எதைப் பார்த்து வாங்குறதுன்னு புரியல" என்றான். எனக்கு ஊதத் தெரியாது, நடத்துவது இயற்பியல். ஆனால் இந்தக் கேள்வியில் பாதி இயற்பியல்தான்.

விரலால் அழுத்தும் வால்வு எதையும் தொடாமல் ஊதும்போது எந்தச் சுருதியை ஆதாரமாக வைத்து ஸ்வரங்கள் வருகின்றனவோ, அதுதான் டியூபாவின் பெயரில் இருக்கிறது. எஃப் என்றால் நம் கணக்கில் நாலு கட்டை. பேண்டுகளில் ஊதும் பெரிய டியூபா பெரும்பாலும் பி ஃபிளாட், அதாவது ஆறரைக் கட்டை. பெரியதன் குழாயை நீட்டினால் சுமார் 18 அடி வரும், எஃப் டியூபா சுமார் 12 அடி. நாகஸ்வரத்தில் பாரிக்கும் திமிரிக்கும் உள்ள உறவு மாதிரி. ஆனால் பிறந்த வரிசையில் சின்னதுதான் மூத்தது. 1835-இல் பெர்லினில் வீப்ரெஷ்ட், மோரிட்ஸ் என்ற இருவர் காப்புரிமை பெற்ற முதல் டியூபாவே எஃப் சுருதியில், 5 வால்வுகளோடு செய்யப்பட்டது.

பெரியது இருக்கும்போது சின்னது எதற்கு? மேல் ஸ்வரங்களுக்காக. ஒரு குழாயில் உதட்டை அதிரவைத்தால், ஆதார அதிர்வெண்ணின் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று படிப்படியாகத்தான் ஒலி ஏறும். பெரிய டியூபாவின் ஆதாரம் சுமார் 29 ஹெர்ட்ஸ், எஃப் டியூபாவினுடையது சுமார் 44. பெரியதில் 6-ஆம் படியில் நிற்கும் அதே ஸ்வரம் எஃப் டியூபாவில் 4-ஆம் படியிலேயே கிடைத்துவிடும். படிகளுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். நெருக்கமான படிக்கட்டில் கால் பிசகுவதுபோல, பெரியதில் மேலே ஊதும்போது உதடு பக்கத்துப் படிக்கு வழுக்கும். தனியாக வாசிக்கும் உருப்படிகளுக்கு எஃப் டியூபாவைத் தேடுவது இதனால்தான். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: எழுதிய ஸ்வரம் எழுதியபடியே ஒலிக்க வேண்டும் என்பதால், பழகிய விரல் கணக்கை மறந்து புதிதாகக் கற்க வேண்டும். சில மாதம் பிடிக்கும்.

சரி, காசு எங்கே போக வேண்டும்? வால்வில். வீணைக்குப் பேர்போன ஊர் எங்களுடையது, அதனால் அவனுக்கு வீணையைக் காட்டியே சொன்னேன். மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கிவரும். அரை ஸ்வரம் என்பது இத்தனை அங்குலம் என்று நிலையான நீளம் கிடையாது, இருக்கிற நீளத்தில் சுமார் 6 சதவீதம். டியூபா வால்வில் சிக்கல் இங்கேதான். ஒவ்வொரு வால்வும் ஒரு துண்டுக் குழாயைக் கூடுதலாக இணைத்துச் சுருதியை இறக்குகிறது. 12 அடி என்பது 144 அங்குலம். இரண்டாம் வால்வு 8.6 அங்குலம் சேர்த்து அரை ஸ்வரமும், முதல் வால்வு 17.6 சேர்த்து முழு ஸ்வரமும், மூன்றாவது 27.2 சேர்த்து ஒன்றரையும் இறக்கும். தனித்தனியாக எல்லாம் சரி.

அப்புறம் முதலையும் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஸட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கப் பாருங்கள். கிடைப்பது 44.8 அங்குலம், தேவைப்படுவதோ 48.2. மூன்றரை அங்குலம் பற்றாக்குறை. மூன்றையும் அழுத்திப் பிரதி மத்யமத்துக்கு இறங்கினால் 6 அங்குலத்துக்கு மேல் குறைகிறது, அரை ஸ்வரத்தில் பாதி அளவுக்குச் சுருதி ஏறிப்போகும். எவ்வளவு சாதகம் செய்தாலும் இந்தப் பற்றாக்குறை போகாது, உதட்டால் ஓரளவு இழுத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

நாலாம் வால்வு அந்த 48.2 அங்குலத்தை ஒரே துண்டாகத் தருகிறது. பஞ்சமம் சுத்தமாக நிற்கும். ஆனால் அதை அழுத்தியதுமே குழாய் 16 அடி ஆகிவிடும், அந்த நீளத்துக்கு மற்ற வால்வுகளின் துண்டுகள் குட்டை. ஐந்தாம் வால்வு முதல் வால்வைவிடச் சற்று நீளமான துண்டோடு வந்து அந்தக் குறையை அடைக்கிறது. பிரிட்டனில் பிளேக்லி என்பவர் 1874-இல் வேறு வழி கண்டார்: நாலாம் வால்வை அழுத்தியதும் மற்ற வால்வுகளின் காற்று சிறு துணைக்குழாய்கள் வழியாகவும் சுற்றிவரும். எப்படியும், மூன்றே வால்வுள்ள எஃப் டியூபா என்ன மலிவாக வந்தாலும் வாங்க வேண்டாம் என்பேன்.

எஃப் டியூபாவுக்கே உரிய இன்னொரு தொல்லை அந்தக் கீழ்ப் பஞ்சமத்தில் இருக்கிறது. வாசிப்பவர்கள் அதை லோ சி என்பார்கள். ரோட்டரி வால்வு, அதாவது சுழலும் வால்வு வைத்த பல மாடல்களில் அந்த ஸ்வரம் அடைபட்டதுபோல் வரும். கூம்பாக விரியும் குழாய்க்கு நடுவே 4 அடி நேர்க்குழாய் புகும்போது படிகளின் ஒழுங்கு கொஞ்சம் கலைகிறது, உதட்டுக்குத் துணை நிற்க வேண்டிய மேல்படிகள் விலகிவிடுகின்றன. அகலமான துளை கொண்ட, வால்வு மேலும் கீழும் நகரும் பிஸ்டன் மாடல்களில் இது பொதுவாகக் குறைவு. கடையில் எல்லோரும் மேல் ஸ்வரங்களைத்தான் ஊதிப் பார்க்கிறார்கள். நீங்கள் லோ சி-யை முதலில் ஊதுங்கள். போனில் தம்புரா செயலியை நாலு கட்டையில் ஓடவிட்டு, ஸட்ஜம், கீழ்ப் பஞ்சமம், பிரதி மத்யமம் மூன்றையும் மெதுவாக நிறுத்தி ஊதினால் போதும்.

புதிய ஐரோப்பிய வாத்தியம் பல லட்சம். சீனத் தயாரிப்புகள் அதில் பாதிக்கும் கீழே கிடைக்கும். ஆனால் ஒரே மாடலில் ஒன்று அருமையாகவும் இன்னொன்று சுமாராகவும் இருக்கக்கூடும், ஊதிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. எனக்கு நல்ல பழைய வாத்தியமே மேல் என்று படுகிறது. அப்படி ஒன்றை, ஊதிப் பார்த்து முடிவு செய்ய ஒரு வாரத்துக்கு எடுத்து வந்தான். வீட்டு முற்றமான வளவில் பாய் விரித்து அதன்மேல் சாய்த்து வைத்தோம். ஒரு வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டக்கூடிய வளைகுழாயை உருவி, பத்து எண்ணிவிட்டு வால்வை அழுத்தினான். 'டப்' என்று சத்தம் வந்தது. காற்றுக் கசியவில்லை என்று அர்த்தம். மூன்றாம் வால்வில் மட்டும் சத்தமே இல்லை, பிஸ்டன் தேய்ந்திருந்தது. விலையில் அதற்கான பழுதுச் செலவைக் குறைக்கச் சொன்னோம்.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி, மவுத்பீஸ் செருகும் குழாயைத் தடவி, "இது ஏன் செவந்து கெடக்கு? புளிய ஊறவச்சுட்டாகளா?" என்று கேட்டார்கள். சரியான கேள்வி. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலம் பட்டால் துத்தநாகம் கரைந்து வெளியேற, செம்பு நிறம் தலைகாட்டும். சீர் அண்டாவில் புளியை அதிக நேரம் விட்டால் அப்படித்தான் ஆகும். வாத்தியத்துக்குள் அந்த வேலையை மூச்சின் ஈரம் வருடக்கணக்கில் செய்கிறது. மேலே நெளிவு இருந்தால் தட்டி எடுக்கலாம், குழாயே உள்ளிருந்து அரித்தால் மாற்றத்தான் வேண்டும். நல்லவேளை, அந்தக் குழாய் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது. அதற்கும் குறைத்துக் கொடுத்தார்கள், வாங்கிவிட்டான்.

வெயில் கணக்கு பிறகுதான் தெரிந்தது. காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், சுருதி ஏறும். 24 டிகிரி ஏசி அறைக்கும் 38 டிகிரி மே மாத வளவுக்கும் நடுவே ஏட்டுக் கணக்குப்படி குழாயை 8 சென்டிமீட்டருக்கு மேல் நீட்ட வேண்டும். மெயின் ஸ்லைடு U வடிவில் இரண்டு காலோடு இருப்பதால் 4 சென்டிமீட்டர் இழுத்தால் போதும். மூச்சின் சூடும் கலப்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவு. அவன் தம்புராவோடு ஒட்டிப் பார்த்து ஸ்லைடில் இரண்டு பென்சில் கோடு போட்டுவைத்திருக்கிறான், ஒன்று கல்லூரிக்கு, ஒன்று வளவுக்கு.