ஆண் நாய்க்குக் கருத்தடை: எதற்காகச் செய்கிறோம்?

"இவன் யார் வந்தாலும் கடிக்கப் பாய்கிறான் டாக்டர். ஆபரேஷன் செய்துவிட்டால் அடங்கிவிடுவான் இல்லையா?" ஆண் நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. அப்படிக் கூட்டிவந்த மூன்று வயது நாய் ஒன்று, மேசைக்கு அடியில் வாலைக் கால்களுக்கு நடுவே செருகி, காதுகளைத் தலையோடு ஒட்ட மடக்கிக்கொண்டு உறுமியது. பாவம், பயந்து நடுங்கிய நாய் அது. பயத்தில் கடிக்கிற நாய்க்கு விரைகளை எடுப்பதால் பயம் போகாது. சில நாய்களுக்குக் கூடிவிடுவதும் உண்டு. அதனால் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து, முதலில் பயிற்சிக்கு அனுப்பினேன்.

பெண் நாயின் வாசனை பிடித்து ஓடிப்போவது, வீட்டுக்குள் காலைத் தூக்குவது, மற்ற ஆண் நாய்களோடு முட்டிக்கொள்வது ஆகியவை வேறு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் தூண்டும் இந்தப் பழக்கங்கள் கருத்தடைக்குப் பின் பெரும்பாலும் குறையும். பல வருடம் ஊறிப்போயிருந்தால் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

கருத்தடை செய்தால் விரையில் புற்றுநோய் வராது, வயதான ஆண் நாய்களைப் படுத்தும் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்கு அருகில் உள்ள சுரப்பி) வீக்கமும் வராது. புராஸ்டேட் புற்றுநோயையும் தடுக்கும் என்று சிலர் நம்புகிறார்கள், அது தவறு.

எந்த வயதில் செய்வது? இதில் அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். எலும்பு வளர்ச்சி சரியான நேரத்தில் நிற்க ஆண் ஹார்மோனும் வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்கு முன்பே கருத்தடை செய்த கோல்டன் ரெட்ரீவர்களுக்கு மூட்டுக் கோளாறுகள் அதிகம் இருந்தன. பெரிய உடல்வாகு உள்ள நாய் என்றால் வளர்ந்து முடியட்டும். சிறிய இனங்களில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

ஒரே ஒரு நிலையில் நான் தயங்குவதில்லை. ஆறு மாதம் ஆகியும் ஒரு விரை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ தங்கிவிட்டால், அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. இந்தக் குறை அதன் குட்டிகளுக்கும் போகும் என்பதால், வளர்ந்ததும் இரண்டையும் எடுத்துவிடுவேன்.

முடிவெடுக்க முடியாதவர்களுக்கு டெஸ்லோரெலின் என்ற மருந்து இருக்கிறது. தோலுக்கு அடியில் வைத்தால், அளவைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஹார்மோனை அடக்கிவைக்கும். முதல் சில வாரங்கள் சேட்டை கூடலாம், பயப்பட வேண்டாம். அப்புறம் நாய் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம்.

ஆபரேஷன் முடிந்த பிறகு தீனியைக் குறையுங்கள், இல்லாவிட்டால் எடை ஏறிவிடும். இன்னொன்று, மிச்சமிருக்கும் விந்தணுக்களால் சில வாரங்கள் வரை பெண் நாய் சினையாக முடியும். ஆறு வாரமாவது தனியே வைத்திருங்கள்.