வாரண்டி முடிந்த செல்போன் பழுதானால்: நுகர்வோர் சட்டம் தரும் பரிகாரம்

செல்போன் வாங்கிய பதினான்காம் மாதத்தில் திரையின் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுகிறது. அல்லது இரவில் அப்டேட்டுக்குப் போட்ட போன் காலையில் ஆன் ஆவதில்லை. சர்வீஸ் சென்டரில் ஐஎம்இஐ எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வாரண்டி முடிஞ்சிருச்சு சார், டிஸ்பிளே மாத்தணும்" என்று போனின் விலையில் பாதியைக் கட்டணமாகச் சொல்கிறார்கள். பெரும்பாலானோர் அந்தப் பதிலை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, பணத்தைக் கட்டுகிறார்கள் அல்லது புதுப் போன் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் வாரண்டிக் காலம் முடிந்ததும் வாங்கியவரின் உரிமையும் முடிந்துபோகும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, எங்கும் சொல்லவில்லை.

வாரண்டி என்பது நிறுவனம் தன் விருப்பப்படி வரையறுத்துத் தரும் வாக்குறுதி. அந்தக் காலத்துக்குள் உற்பத்திக் குறை தெரிந்தால் வாங்கியவர் அதிகம் வாதாட வேண்டியதில்லை. சட்டம் தரும் பாதுகாப்பு வேறு வகையானது. அந்தச் சட்டத்தின் 2(10)ஆம் பிரிவு, ஒரு பொருளின் தரத்திலோ அளவிலோ திறனிலோ இருக்கும் எந்தப் பிழையையும் குறையையும் 'குறைபாடு' என்கிறது. அந்தத் தரம் ஏதேனும் ஒரு சட்டப்படி இருக்க வேண்டியதாக இருக்கலாம். வெளிப்படையாகவோ உள்ளார்ந்தோ அமைந்த ஒப்பந்தப்படி இருக்க வேண்டியதாக இருக்கலாம். விற்பவர் எந்த வகையிலாவது உரிமைகோரிச் சொன்னதாகவும் இருக்கலாம். இவற்றுள் கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு அப்டேட் தருவோம் என்று விளம்பரம் செய்து விற்ற நிறுவனம், அந்தப் போன் பதினான்கு மாதம்தான் ஓடும் என்று பிறகு வாதிடுவது எளிதன்று.

பொருள் விற்பனைச் சட்டம், 1930இன் 16ஆம் பிரிவும் இங்கே துணைக்கு வரும். ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், விவரத்தைச் சொல்லி வாங்கும்போது, அந்தப் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்கும் என்பது உள்ளார்ந்த நிபந்தனையாகும். வாங்கியவர் சோதித்துப் பார்த்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது. ஆனால் மதர்போர்டின் பற்றவைப்பில் இருக்கும் பலவீனத்தைக் கடையில் நின்று எவரும் பார்த்திருக்க முடியாது. வாரண்டிக்குப் பிந்தைய வழக்குகள் பெரும்பாலும் இத்தகைய மறைந்திருந்த குறைகளைப் பற்றியவைதாம்.

இந்த உரிமைக்கு எல்லை உண்டு. கீழே விழுந்து நொறுங்கிய திரைக்கும், தண்ணீர் புகுந்த போனுக்கும், மூன்றாண்டுப் பயன்பாட்டில் இயல்பாகத் தேய்ந்த பேட்டரிக்கும் இந்த வழி பயன்படாது. வாரண்டிக்குள் நிறுவனத்தின் மேல் இருந்த சுமை, வாரண்டி முடிந்ததும் கிட்டத்தட்ட முழுவதுமாக வாங்கியவரின் தோளுக்கு மாறிவிடுகிறது; பழுது பயன்பாட்டால் வந்ததன்று, தயாரிப்பிலேயே இருந்தது என்பதை அவர்தான் காட்ட வேண்டும்.

அதைக் காட்டுவதற்கு மிகவும் கைகொடுப்பது, அதே மாடலில் பலருக்கும் அதே பழுது வந்திருப்பது. மேலே சொன்ன பச்சைக் கோடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமோலெட் திரை கொண்ட போன்களில், பெரும்பாலும் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு இந்தக் கோடு விழுந்ததாக இந்தியாவில் ஏராளமான புகார்கள் எழுந்தன. அதைத் தொடர்ந்து ஒன்பிளஸ் நிறுவனம் 2023இல் தன் சில மாடல்களுக்கு வாழ்நாள் திரை வாரண்டி அறிவித்தது. சாம்சங் 2024இல் தன் எஸ் வரிசைப் போன்கள் சிலவற்றுக்கு, குறிப்பிட்ட காலத்துக்குள் வருவோருக்கு ஒருமுறை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. இரண்டுமே வாரண்டி முடிந்த போன்களுக்கும் கிடைத்த சலுகைகள். எனவே பணம் கட்டுவதற்கு முன் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் மாடலுக்கு இப்படி ஏதேனும் சிறப்புத் திட்டம் இருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் தேடுவதும், எழுத்தில் கேட்பதுமாகும். சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் இருப்பவர் இதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர், நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் அனுமதியோடு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்கீழ் அனைவர் சார்பிலும் ஒரே புகாராகத் தாக்கல் செய்யவும் முடியும். பதிவு பெற்ற நுகர்வோர் சங்கமும் தாக்கல் செய்யலாம்.

சர்வீஸ் சென்டரில் பெற வேண்டியவை

வழக்கின் வலிமை, போனை ஒப்படைத்ததற்கும் பழுதுக்கும் பதிவாக அங்கே கொடுக்கப்படும் ஜாப் ஷீட்டில்தான் இருக்கிறது. போனை ஒப்படைக்கும்போது அந்தத் தாளில் இரண்டு இடங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, போனின் வெளித்தோற்றம் பற்றிய குறிப்பு. கீறலோ நசுங்கலோ இல்லாத போனுக்கு அப்படியே 'கீறல் இல்லை, நசுங்கல் இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள். பல இடங்களில் 'ஸ்கிராட்ச், டென்ட்' என்று வழக்கமாக டிக் போட்டுவிடுவார்கள். ஓராண்டு கழித்து, கீழே விழுந்த போன் என்று வாதிட நிறுவன வக்கீலுக்கு அந்த ஒரு டிக் போதும். மற்றொன்று, பழுதின் காரணம். 'டெட்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பழுதின் பெயரே தவிர காரணமன்று. எந்தப் பாகம் பழுது, அது ஏன் பழுதானது, எதைச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், நீங்கள் கேட்டதையும் அவர்கள் மறுத்ததையும் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

'கஸ்டமர் இன்டியூஸ்டு டேமேஜ்' (வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்) என்று எழுதினால், அதற்கான படத்தைக் கேளுங்கள். தண்ணீர் புகுந்தது என்றால், போனுக்குள் ஒட்டப்பட்டிருக்கும் ஈரம் காட்டும் சிறு பட்டை நிறம் மாறியிருக்கும். ஐபோன்களில் சிம் டிரேயை வெளியே எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தாலே அது தெரியும். வெள்ளையாக இருந்தால் போனை ஒப்படைக்கும் முன்பே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிக் கடையில் போனைத் திறக்கக் கொடுப்பதை இந்தக் கட்டத்தில் தவிர்ப்பது நல்லது. செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு, பழுதுக்குக் காரணம் அந்தக் கடைக்காரரே என்று நிறுவனம் சொல்வதை மறுக்க வழியிருக்காது. வேலை நிற்கிறது, காத்திருக்க முடியாது என்று பணம் கட்டிப் பழுது பார்த்தே ஆக வேண்டுமென்றால், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே பார்த்து, ஜிஎஸ்டி ரசீது வாங்கி, கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பாருங்கள். 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், இந்தத் தொகையைத் திரும்பக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி வைப்பது பின்னால் மிகவும் உதவும்.

காசு கொடுத்துச் செய்த ரிப்பேரும் சட்டத்தின் பார்வையில் ஒரு சேவை. மாற்றிய டிஸ்பிளே இரண்டாம் மாதமே அணைந்துபோனால், அது போனின் பழைய வாரண்டியோடு தொடர்பில்லாத, தனியான சேவைக் குறைபாடு. அந்த ரிப்பேருக்கென்று ரசீதில் எழுதியிருக்கும் தனி வாரண்டியையும் பாருங்கள்.

ஆணையத்துக்குப் போகும் முன்

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுத வேண்டும். ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இது வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி மட்டுமே. நிறுவனத்துக்கு ஆணையிடும் அதிகாரம் இதற்கு இல்லை. இருந்தாலும் சர்வீஸ் சென்டரில் கதவடைத்த நிறுவனம், இந்த வழியாக வரும் புகாரைத் தலைமையகத்திலிருந்து மறுபரிசீலனை செய்ய வாய்ப்பு உண்டு என்பதால், இதைத் தாண்டிப் போகாதீர்கள். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' தளத்தில் சில நிறுவனங்களின் வாரண்டி, உதிரிபாக விவரங்கள் இருக்கின்றன. அது தகவல் தரும் இடமே, வழக்காடும் இடமன்று.

வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை. நீங்களே பதிவுத் தபாலில் எழுதி, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தாலும் போதும்.

மாவட்ட ஆணையத்தில் புகார்

பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை புகார்க் கட்டணம் கிடையாது. அதாவது எந்தச் செல்போனுக்கும் கட்டணமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் அலுவலகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனாகத் தாக்கல் செய்யலாம்; விசாரணையில் காணொலி வழியாகக் கலந்துகொள்ள விண்ணப்பிக்கலாம்; வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். போன் வியாபார நோக்கத்துக்கு வாங்கியதாக இருக்கக்கூடாது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்று வாங்கியிருந்தால் அது வியாபார நோக்கம் ஆகாது.

தயாரித்த நிறுவனம், விற்ற கடை, சர்வீஸ் சென்டர் ஆகிய மூவரையும் எதிர்தரப்பினராகச் சேர்ப்பது பாதுகாப்பானது. ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவதை ஆணையத்தின் முன்னிலையிலேயே செய்யட்டும்.

காலவரம்பில்தான் நல்ல வழக்குகளும் தோற்கின்றன. 69ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுப்பதற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் ஆக வேண்டும். மறைந்திருந்த குறை என்றால், அது வெளிப்பட்ட நாளிலிருந்தோ நிறுவனம் மறுத்த நாளிலிருந்தோ காலத்தை எண்ண வேண்டும் என்று நீங்கள் வாதிடலாம். எதிர்தரப்பு, வாங்கிய நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று வாதிடும். அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல், முடிந்தவரை வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிடுவது என் பார்வையில் சிறந்த வழி. நிறுவனத்தோடு மாதக்கணக்கில் மின்னஞ்சல் பரிமாறிக்கொள்வதால் காலவரம்பு நீளாது. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். அதற்குத் தனி மனுவும் விளக்கமும் தேவை.

நிபுணர் சோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்று ஆணையம் கருதினால், 38ஆம் பிரிவின்படி பொருளை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சோதனைக் கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டும். அறிக்கை 45 நாளில் வர வேண்டும். நிறுவனம் தன் பொறியாளரின் அறிக்கையைத் தாக்கல் செய்யும்போது, சொந்த ஊழியரின் அறிக்கை சார்புடையது என்று எதிர்ப்புத் தெரிவித்து, ஆய்வகச் சோதனைக்கு மனுப் போடுங்கள். எதிர்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள் மட்டுமே அவகாசம். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் தீர்ப்பளித்துள்ளது. சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் மற்றவற்றை மூன்று மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கோரிக்கையில் அளவறிந்து கேட்பது நல்லது. ஒன்றரை ஆண்டு பயன்படுத்திய போனுக்கு முழு விலையோடு ஐந்து லட்சம் இழப்பீடும் கேட்கும் புகார், உண்மையான குறையையும் பேராசை போலக் காட்டிவிடும். இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். முடியாவிட்டால் அதே தரத்தில் வேறு போன். அதுவும் முடியாவிட்டால் தேய்மானம் கழித்த விலை. அவற்றோடு கட்டிய ரிப்பேர்த் தொகை, மனஉளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று படிப்படியாகக் கேளுங்கள்.

பேட்டரி உப்பி வெடித்துக் காயமோ வேறு பொருளுக்குச் சேதமோ ஏற்பட்டால், அது தயாரிப்புப் பொறுப்பு என்ற தனி அத்தியாயத்தின்கீழ் வரும். போனுக்கே நேர்ந்த சேதத்தை அந்த அத்தியாயம் கணக்கில் கொள்வதில்லை. மெத்தை எரிந்ததும் கை சுட்டதும்தான் அங்கே கேள்வி. போனைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றியமைத்தாலோ விற்றவர் மேல் அந்தப் பொறுப்பைச் சுமத்த முடியாது. ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருப்பதால், இத்தகைய நிகழ்வை மாவட்ட ஆட்சியர் வழியாக அதற்கும் தெரிவிக்கலாம்.

மாவட்ட ஆணையத்தின் உத்தரவு பாதகமாக வந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் கட்டுமாறு உத்தரவிடப்பட்ட நிறுவனம் மேல்முறையீடு செய்யும்போது அந்தத் தொகையில் பாதியை முதலில் செலுத்த வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல், உத்தரவையும் நிறைவேற்றாமல் இருந்தால், 72ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யலாம்; உத்தரவை நிறைவேற்றாததற்குத் தண்டனை ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.